வட்டிடம் நேரில் கேட்டால் சொல்லும்

தஞ்சைச் சீமையில் நிலக்கணக்கு நெடுங்காலம் கர்ணம் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. எந்த வயல் யார் பெயரில், எத்தனை மா, எந்த வாய்க்கால் பாசனம் என்பதெல்லாம் அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கே வெளிச்சம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. கணக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுக்குள் அது இன்னொரு முறை இடம் மாறியது. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவாரூரில் 1999 முதல் 2001 வரை ஆட்சியராக இருந்த சி. உமாசங்கர், அரசு அலுவலக வேலைகளைக் கணினிக்கு மாற்றினார். இந்தியாவில் மின்னாட்சிக்கு மாறிய முதல் மாவட்டம் என்ற பெயர் திருவாரூருக்கு அப்போதுதான் வந்தது.

இன்று சிட்டாவும் அ-பதிவேடும் இ-சேவை மையத்தில் சில நிமிடங்களில் அச்சாகி வருகின்றன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1998-இல் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது; ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துச் சேமிக்கும் வேலை தமிழகமெங்கும் பல நிறுவனங்களில் நடக்கிறது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உள்ள ஸ்டூடியோக்களில் பத்துப் பதினைந்து ஆண்டுக் கல்யாண வீடியோக்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. இவை எல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் காந்தத் தட்டுகள். அந்தத் தட்டின்மேல், சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை காற்றில் மிதந்தபடி ஓடுகிறது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளியின் நெருக்கடி விளங்கும்.

ஓலை கெடத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும். பூச்சி அரித்த துளை தெரியும், விளிம்பு ஒடிவது தெரியும். அந்தத் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க் என்னும் வட்டு அப்படி இல்லை. நேற்று வரை எல்லாக் கோப்புகளும் திறந்தன, இன்று காலை ‘டிஸ்க் போயிடுச்சு’ என்று சர்வீஸ் கடையில் கேட்கிறோம். உண்மையில் பல டிஸ்குகள் அதற்குச் சில வாரம் முன்பே தம் நிலையைக் குறித்து வைத்திருக்கின்றன. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு மொழி இருக்கிறது. மென்பொருள் நேரடியாக வட்டுக்கு அனுப்பும் கீழ்நிலைக் கட்டளைகள்தாம் அந்த மொழி.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரும் வழியோடு இதை ஒப்பிடலாம். விவசாயி சங்கத்தில் சொல்கிறார், சங்கம் நீர்வளத் துறைப் பொறியாளரிடம் சொல்கிறது, உத்தரவு இறங்கி வந்து கடைசியில் மதகின் ஷட்டரைத் திருகித் தூக்குபவர் லஸ்கர். நாம் ஒரு புகைப்படத்தைத் திறக்கும்போதும் இதே நடைமுறைதான். செயலி இயங்குதளத்தைக் கேட்கிறது, இயங்குதளம் கோப்பு முறையைப் பார்க்கிறது, அங்கிருந்து டிரைவர் மென்பொருள் வழியாக வட்டின் மின்பலகைக்கு உத்தரவு போகிறது. ஷட்டர் துருப்பிடித்து இழுக்கிறதா என்பது அலுவலகக் கோப்பில் இருக்காது, லஸ்கருக்குத்தான் தெரியும். கீழ்நிலைக் கட்டளை என்பது இடையில் உள்ள மேசைகளைத் தாண்டி நேரே அவரிடம் போய்க் கேட்பது.

வட்டுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தவை வரிசை எண் போட்ட கட்டங்கள் மட்டுமே. ஒவ்வொரு கட்டமும் நெடுங்காலம் 512 பைட்டாக இருந்தது. இப்போதைய டிஸ்குகளில் உள்ளுக்குள் 4,096 பைட்டு. 1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக் முதலிய நிறுவனங்கள் கொண்டுவந்த ஐடிஇ முறையில், கணினியும் வட்டும் பேசிக்கொள்ள எட்டுச் சிறு பதிவேடுகள் இருந்தன. எத்தனை கட்டம் வேண்டும், எந்த எண்ணிலிருந்து வேண்டும் என்று வரிசையாக நிரப்பிவிட்டு, கடைசிப் பதிவேட்டில் ஒரு பைட்டு எழுத வேண்டும். அதுதான் கட்டளை. 32 என்று எழுதினால் ‘படி’. 48 என்றால் ‘எழுது’. 236 என்றால் ‘நீ யார், சொல்’. எழுதிய மறுகணம் வட்டு வேலையைத் தொடங்கிவிடும். 2003-இல் பரவத் தொடங்கிய சாட்டா இணைப்பில் கம்பி மெலிந்தது, வேகம் கூடியது. ஆனால் அதே பதிவேடுகளின் உள்ளடக்கம்தான் 20 பைட்டுப் பொட்டலமாகக் கட்டப்பட்டுப் போகிறது. கட்டளை எண்கள் மாறவில்லை.

இந்த மொழியின் இலக்கணக் குறை ஒன்று ஊரறிய வெளிப்பட்டதும் உண்டு. கட்டத்தின் எண்ணைச் சொல்லத் தொடக்கத்தில் 28 பிட்டு மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டால் 137 ஜிபி-க்கு மேல் முகவரி சொல்ல வழியே இல்லை. 160 ஜிபி டிஸ்க் வாங்கிவந்து பழைய விண்டோஸ் எக்ஸ்பி-யில் மாட்டியவர்கள், மீதி இடம் எங்கே போயிற்று என்று கடைக்காரரிடம் சண்டை போட்ட காலம் அது. பிறகு 48 பிட்டு முகவரி வந்து பிரச்சினை தீர்ந்தது.

அதற்கும் முந்தைய தலைமுறை இன்னும் நேரடியானது. 1980-இல் சீகேட் வெளியிட்ட 5 எம்பி டிஸ்கில் சொந்த அறிவு மிகக் குறைவு. முனையை நகர்த்துவதிலிருந்து எல்லாமே கணினிக்குள் செருகிய தனி அட்டையின் பொறுப்பு. புது டிஸ்க் வந்ததும் அதில் கட்டங்களையே போட வேண்டியிருந்தது. டாஸ் காலத்துக் கணினிக்காரர்கள் டீபக் நிரலுக்குள் போய் ‘ஜி=சி800:5’ என்று அடிப்பார்கள்; அட்டைக்குள் இருந்த நிரல் எழுந்து வட்டை முதலிலிருந்து கோடு கிழிக்கும். அதற்குப் பெயர் லோ லெவல் ஃபார்மெட். இன்றைக்கும் கடைகளில் ‘லோ லெவல் ஃபார்மெட் அடிச்சா சரியாயிடும்’ என்று சொல்வதைக் கேட்கலாம். அது இப்போது நடவாத காரியம். ஐடிஇ வந்த பிறகு அந்த அட்டையின் மூளை வட்டுக்குள்ளேயே போய்விட்டது. கோடு கிழிப்பது தொழிற்சாலையோடு முடிகிறது. இன்று அந்தப் பெயரில் விற்கும் மென்பொருள் செய்வதெல்லாம் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் எழுதுவது. பயனில்லாத வேலை அல்ல, ஆனால் பெயர் தவறு. அடிபட்ட முனை அதனால் குணமாகாது.

‘நீ யார்’ என்ற 236-ஆம் கட்டளைக்கு வட்டு 512 பைட்டில் பதில் தருகிறது. தயாரிப்பு எண், மாடல், கொள்ளளவு, தனக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். மாடல் பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி வரும். எஸ்டி என்பது டிஎஸ் என்று வரும், நிரல்தான் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டும். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம். இந்தப் பதிலை மாற்றுவது அத்தனை எளிதல்ல.

இது எவ்வளவு முக்கியம் என்பது 2025 தொடக்கத்தில் உலகத்துக்கே தெரிந்தது. ஜெர்மனியின் ஹைசே தொழில்நுட்ப இதழ் ஒரு மோசடியை வெளிக்கொண்டுவந்தது. புதியவை என்று கடைகளில் விற்ற சீகேட் பெருங்கொள்ளளவு டிஸ்குகள் பல, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை. ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் வழக்கமான பதிவை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஆனால் சீகேட் தன் டிஸ்குகளுக்குள் ஃபார்ம் என்ற பெயரில் வேறொரு பதிவேட்டையும் வைத்திருக்கிறது. அதை அழிக்க அவர்கள் மறந்துவிட்டார்கள் அல்லது முடியவில்லை. அதைப் படிக்கும் கட்டளையை அனுப்பியதும் பதினைந்தாயிரம் மணிக்கு மேல் உழைத்த கணக்கு வெளியே வந்தது. இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8,760 மணி. ஏறக்குறைய இரண்டு ஆண்டு தேய்ந்த பொருள், புதிய விலைக்கு விற்றிருக்கிறது.

வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். 1990-களின் முற்பாதியில் ஐபிஎம்மும் காம்பாக்கும் தனித்தனியாகச் செய்ததை ஒன்றாக்கி உருவானது. கட்டளை எண் 176. அதோடு 79, 194 என்ற இரண்டு எண்களையும் சாவிபோல வைத்தால்தான் வட்டு பதில் சொல்லும். ‘நலமா’ என்று கேட்டால், நலமாயிருக்கும் வட்டு அதே இரண்டு எண்களையும் அப்படியே திருப்பித் தரும். நலமில்லை என்றால் 244, 44 என்று வரும். பதினாறடிமான முறையில் எழுதிப் பார்த்தால் இவை முன்னவற்றின் இலக்கங்களே, இடம் மாறி நிற்கின்றன. ஒற்றைச் சொல்லில் அபாய அறிவிப்பு!

இதைச் சாதாரண மனிதருக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஓர் இயற்பியலாளர். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் ஈர்ப்பலை ஆய்வில் இருந்த புரூஸ் ஆலன், தம் கணினித் தொகுதியின் டிஸ்குகள் முன்னறிவிப்பின்றிச் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 2002-இல் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு ஜப்பானில் உருவான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இருக்கிறது. திறந்ததும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் சொல்லிவிடும்.

வரும் அட்டவணையில் எல்லா வரியும் முக்கியமல்ல. 5-ஆம் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கை. 197-ஆம் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் கட்டங்கள். இந்த இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள் சரியில்லை, டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரமாக இருக்கலாம். 9 ஓடிய மணி. 194 வெப்பம்.

கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கண்காணித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்களின் மதிப்பைக் காட்டியது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க்குக்கு, பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: செத்த டிஸ்குகளில் 56 விழுக்காட்டுக்கு மேல், மிக வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆக, அட்டவணை சிவப்பானால் நம்ப வேண்டும். நீலமாக இருப்பதாலேயே நகல் எடுக்காமல் இருக்கக் கூடாது.

டெல்டாவுக்கு மிகவும் பொருந்தும் வரி 192. மின்சாரம் திடீரென்று போய், முனை அவசரமாக ஒதுங்கிய தடவைகளின் கணக்கு அது. கரண்ட் போன கணத்தில் வட்டு என்ன செய்கிறது என்பது வியப்பானது. தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியிலேயே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தச் சொற்ப மின்சாரத்தில் முனையைத் தூக்கிப் பாதுகாப்பான இடத்தில் வைத்துவிடுகிறது. முனை பிழைத்துவிடும். ஆனால் எழுதுவதற்காக வட்டின் தற்காலிக நினைவகத்தில் காத்திருந்த தகவல் போய்விடும். அதைத் தட்டில் இறக்கச் சொல்லும் கட்டளை 231. ஒழுங்காக ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளம் முதலில் இதை அனுப்பி, பிறகு 224-ஐ அனுப்பி வட்டைத் தூங்க வைக்கிறது. யூஎஸ்பி டிஸ்க்கைச் சட்டென்று பிடுங்குவது இந்த இரண்டு கட்டளைகளுக்கும் இடமில்லாமல் செய்வது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. புயல் இல்லாத ஆண்டிலும் கோடையில் லோ வோல்டேஜும் மழைக்காலத்தில் மின்வெட்டும் இந்தப் பகுதிக்குப் பழகியவை. யூபிஎஸ் இல்லாத கணினியின் 192-ஆம் வரியைப் பார்த்தால் அந்த ஊரின் மின்சார வரலாறே அதில் இருக்கும்.  யூபிஎஸ்ஸை ஆடம்பரமாக எண்ணும் வழக்கம் மாற வேண்டும்.

கட்டளை நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்ததும் உண்டு. 2007 வாக்கில் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்திய மடிக்கணினிகளில், மின்சாரம் சேமிக்கும் ஏற்பாட்டால் முனை சில விநாடிக்கு ஒருமுறை ஒதுங்கி ஒதுங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று லட்சம் முறை தாங்கும் என்று கணக்கிட்ட பாகம். நிமிடத்துக்கு இரண்டு தடவை ஒதுங்கினால் 2,500 மணியில் ஆயுள் முடிந்துவிடும். கனடாவின் மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் நிரலால் ஒரு சிறு கட்டளை அனுப்பி மக்கள் இதை நிறுத்தினார்கள். அதே நிரலில் சில கட்டளைகள் மிக ஆபத்தானவை. வட்டின் உள்மென்பொருளை மாற்ற வேண்டுமானால் ‘தயவுசெய்து என் வட்டை அழித்துவிடு’ என்ற பொருளில் ஒரு தனிச் சொல்லைச் சேர்த்து அடித்தால்தான் நிரல் கீழ்ப்படியும். மார்க் லார்ட் வேண்டுமென்றே போட்ட தடுப்பு அது, நல்ல தடுப்பு.

உள்மென்பொருளை மாற்ற முடியும் என்பதில் வேறொரு அச்சமும் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம், ஈக்வேஷன் என்று தான் பெயரிட்ட உளவுக் குழு பல நிறுவன டிஸ்குகளின் உள்மென்பொருளுக்குள் புகுந்துவிடும் கருவி வைத்திருந்ததை வெளியிட்டது. ஃபார்மெட் அடித்தாலும் விண்டோஸை மறுபடி போட்டாலும் அது போகாது. அதனால்தான் இயங்குதளங்கள் இந்தக் கட்டளைகளை நிர்வாகி உரிமை உள்ளவருக்கு மட்டுமே அனுமதிக்கின்றன.

இனி அழிக்கும் கட்டளை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியது. டெல்டாவில் அந்தக் கணினி நுழையாத தெரு குறைவு. அவற்றில் பல இப்போது பழுதாகி, பழைய சாமான் கடைக்குப் போகின்றன. உள்ளே சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் படம், குடும்பப் புகைப்படம் எல்லாம் இருக்கும். ‘ஃபார்மெட் அடிச்சுட்டுத்தான் கொடுத்தேன்’ என்பார்கள். விரைவு ஃபார்மெட் அட்டவணையை மட்டுமே புதிதாக்குகிறது, கட்டங்களில் உள்ளது அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 158 பழைய டிஸ்குகளை விலைக்கு வாங்கினார்கள். ஓடிய 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன.

முறையாகத் துடைக்க வட்டுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது, எண் 244. முதலில் 241 அனுப்பிக் கடவுச்சொல் வைக்க வேண்டும், பிறகு 243 அனுப்பித் தயார்ப்படுத்த வேண்டும், உடனே 244. இயங்குதளம் எட்டாத ஒதுக்குப்புறக் கட்டங்களையும் வட்டு தானே மேலெழுதி முடிக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கார்டன் ஹியூஸ் இதற்காகவே ஒரு இலவச நிரல் எழுதினார். பல கணினிகளில் முயன்றால் வட்டு மறுத்துவிடும். வைரஸ் எதுவும் இதைத் தவறாகப் பயன்படுத்தாதிருக்க, கணினி எழும்போதே பயாஸ் 245 என்ற பூட்டுக் கட்டளையை அனுப்பிவிடுவதுதான் காரணம். எஸ்எஸ்டி-க்கும் இதே வகைக் கட்டளை உண்டு, அங்கே சில விநாடியில் முடியும். சாதாரண வீட்டுக்கு இத்தனை தூரம் போகத் தேவையில்லை; டிஸ்க் முழுதும் ஒருமுறை பூஜ்யம் எழுதினாலே போதும். ஆனால் மக்களின் ஆவணம் வைத்திருக்கும் அலுவலகம், மருத்துவமனை, வங்கிக் கிளை இவை பழைய கணினியை ஏலம் விடும்முன் 244-ஐ அனுப்பி, முடிந்ததற்கான பதிவையும் எடுத்து வைக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியிருக்கிறது. தெரியாமல் போய்விட்டது என்ற பதில் இனி எடுபடாது.

டிஸ்க் தடுமாறத் தொடங்கிய பிறகு செய்யக்கூடாதது ஒன்று உண்டு: பழுது பார்க்கும் மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. முதல் வேலை நகல். குனு டிடிரெஸ்க்யூ என்ற நிரல் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில்தான் தொடுகிறது. ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் உடனே அணைத்து, தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை உலர்த்தி மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது.

வெளியில் மாட்டும் யூஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி-க்கும் வட்டுக்கும் நடுவில் ஒரு சிப் இருந்து மொழிபெயர்க்கிறது. மலிவான பெட்டிகளில் அந்தச் சிப் ஸ்மார்ட் கட்டளைகளை வட்டுக்குத் தள்ளிவிடாது, அட்டவணையே வராது. வாங்கும்போது கடையிலேயே கேட்டுப் பார்த்து, அட்டவணை வராத பெட்டியை விட்டுவிடுவது நல்லது.

ஐப்பசி அடைமழை தொடங்கும்முன், ஸ்டூடியோவோ கோயில் அலுவலகமோ கூட்டுறவுச் சங்கமோ வீடோ, தங்களிடம் உள்ள ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஓட்டிப் பாருங்கள். இரவில் ஓடவிட்டால் காலைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். 5, 197 இரண்டு வரிகளையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றில் பூஜ்யம் தவிர வேறு எண் தெரிந்தால், அன்றைக்கே இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து, அதை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.